பொற்காலத்திற்கு ஒரு கேள்வி

ஞாயிறு இரவு. மணி பத்தரை. நியூயார்க் நகரத்து அரங்கொன்றில் விளக்குகள் ஒளிர்கின்றன. கறுப்பு வெள்ளைத் திரையிலே நால்வர் வந்து அமர்கின்றனர். இருவர் ஆடவர், இருவர் மகளிர். ஆடவர் விருந்துக்குச் செல்வோர் போலக் கழுத்துப்பட்டை அணிந்திருக்கின்றனர். மகளிர் தரை தொடும் அங்கி அணிந்திருக்கின்றனர். தனி மேசையிலே நிகழ்ச்சித் தலைவர். முகத்திலே புன்முறுவல், பேச்சிலே பண்பு. முன்பின் அறியாத ஒரு மனிதர் உள்ளே வருகிறார். கரும்பலகையிலே சுண்ணக்கட்டியால் தம் பெயரை எழுதுகிறார். தலைவரின் பக்கத்திலே அமர்கிறார். ஆட்டம் தொடங்குகிறது.

வந்தவர் பிழைப்புக்கு என்ன தொழில் செய்கிறார்? இதுதான் புதிர். அரங்கில் இருப்போருக்கும் வீட்டிலிருந்து பார்ப்போருக்கும் எழுத்துக் காட்டி விடையைச் சொல்லிவிடுகிறார்கள். நால்வருக்கு மட்டும் தெரியாது. 'ஆம்', 'இல்லை' என்ற இரண்டே சொற்களில் விடை கூறத்தக்க வினாக்களைத் தொடுத்து அவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். 'ஆம்' என்று விடை வந்தால் கேட்டவரே தொடர்ந்து கேட்கலாம். 'இல்லை' என்று வந்தால் அடுத்தவர் முறை; விருந்தினருக்கு 5 டாலர். பத்து 'இல்லை' சேர்ந்தால் வெற்றி விருந்தினருக்கு; பரிசு 50 டாலர். அவ்வளவே ஆட்டம்!

'வாட்ஸ் மை லைன்?' என்பது அதன் பெயர். 'என் தொழில் யாது?' என்று நம் மொழியிலே சொல்லலாம். மார்க் குட்சன், பில் டாட்மன் எனும் இருவரின் நிறுவனம் தயாரித்தது. சி.பி.எஸ். தொலைக்காட்சியில் 1950 பிப்ரவரி 2-ஆம் நாள் தொடங்கி 1967 செப்டம்பர் 3-ஆம் நாள் முடிந்தது. பதினேழரை ஆண்டு! ஓர் எளிய வினா விளையாட்டு இத்தனை காலம் ஒரு நாட்டின் ஞாயிறு இரவை ஆண்டது.

முடிந்ததா? முடியவில்லை, தோழர்களே! ஜான் டேலி எனும் அந்தத் தலைவர் மறைந்தார். ஆர்லீன் பிரான்சிஸ், டோரத்தி கில்காலன், பென்னட் செர்ஃப் என்று அந்த மேசையை நிறைத்திருந்தவர் அனைவரும் மறைந்தனர். ஆனால் நிகழ்ச்சி மறையவில்லை. பழைய விளையாட்டு நிகழ்ச்சிகளுக்கென்றே அமைந்த கேம் ஷோ நெட்வொர்க் நள்ளிரவுக்குப் பின்னே அதை மீண்டும் ஒளிபரப்பியது. இன்று இணையத்திலே எஞ்சிய நிகழ்ச்சிகளை வரிசையாக, ஆண்டு பிறழாமல், வாரம் தவறாமல் பார்ப்போர் உளர். ஞாயிறு இரவுக்கென்றே ஒன்றைச் சேமித்து வைத்துப் பார்ப்போரும் உளர். சிறுவராய்ப் பெற்றோர் மடியிலிருந்து பார்த்த முதியோர் மட்டுமல்லர். அந்நிகழ்ச்சி முடிந்து பல ஆண்டு கழித்துப் பிறந்த இளைஞரும் அந்தக் கூட்டத்தில் இருக்கின்றனர். 'அது பொற்காலம்' என்பது அவர்களிடையே அடிக்கடி எழும் பெருமூச்சு.

'அமெரிக்க நாட்டுப் பழைய விளையாட்டுக்கும் நமக்கும் என்ன தொடர்பு?' என்று கேட்கலாம் தோழர். நாமும் அவ்வாறு எண்ணியே ஓரிரவு ஒன்றைப் பார்த்தோம். பின்னர் மற்றொன்று. பின்னர் மணி ஒன்றடித்ததும் தெரியாமல் பார்த்தோம். மயங்கினோம் என்பதை மறைப்பானேன்? மயங்கிய பின்னரே ஆராயத் தொடங்கினோம். கேள்வி கேட்பதையே இன்பமாக்கிய நிகழ்ச்சி அது. ஆனால் அதை விரும்புவோர் அதனிடமே கேள்வி கேட்கத் தயங்குகின்றனர். இந்த முரண்பாடு நம் சிந்தனைக்கு உரியது.

'இல்லை' என்ற சொல்லின் மதிப்பு

முதலில் நிகழ்ச்சியின் சிறப்பைச் சொல்லிவிடுவோம். குறை கூறப் புகுவோன் நிறையை மறைத்தல் நேர்மையன்று.

தேர்ந்த வினாவாளர் எடுத்த எடுப்பிலே விடையை ஊகிக்க முயல்வதில்லை. 'நீங்கள் மருத்துவரா? காவலரா?' என்று கண்ணை மூடிக்கொண்டு கல் எறிவதில்லை. 'ஆதாயம் கருதும் நிறுவனத்தில் பணியாற்றுகிறீர்களா?' என்று கேட்பார். 'உங்களிடம் வருவோர் ஆடவர், மகளிர் இருசாராருமா?' என்பார். 'பொருள் ஒன்றைச் செய்கிறீர்களா, தொண்டு புரிகிறீர்களா?' என்ற ஐயத்தைப் பிரித்துப் பிரித்து ஆம், இல்லை என்ற வடிவிலே வைப்பார். 1953-இல் ஸ்டீவ் ஆலன் எனும் நகைச்சுவையாளர் 'அது ரொட்டிப் பெட்டியை விடப் பெரியதா?' என்று கேட்டார். வீட்டிலே எல்லாரும் அறிந்த ஒரு பெட்டியை அளவுகோலாக்கி, உலகத்துப் பொருள்களை எல்லாம் இரண்டாக வகுத்தார்! அந்தத் தொடர் அந்நாட்டு மக்களின் பேச்சு வழக்காகவே ஆகிவிட்டது.

அந்த முறையின் ஆற்றலைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு வினாவும் மீதமுள்ளவற்றைச் சரிபாதியாக வெட்டுமானால், பத்து வினாக்களில் 1,024 பொருள்களுள் ஒன்றைப் பிடித்துவிடலாம். இருபது வினாக்களில் 10,48,576 பொருள்களுள் ஒன்றைப் பிடித்துவிடலாம். மந்திரமில்லை, மாயமில்லை, ஞானக்கண் இல்லை. ஒழுங்காகக் கேட்கத் தெரிந்தவனுக்குப் பத்து லட்சம் பொருளும் இருபது படியில் ஏறிக் கடக்கக்கூடிய குன்று!

இதிலே 'இல்லை' என்ற விடைக்கும் 'ஆம்' என்ற விடைக்கும் ஒரே மதிப்பு. இரண்டுமே பாதியைத் தள்ளுகின்றன. நம் பள்ளியிலே எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் வெள்ளிக்கிழமை கடைசி மணி நேரத்தில் இந்த ஆட்டத்தை ஆடிப் பார்த்தோம். மாணவன் ஒருவன் ஒரு தொழிலை நினைத்துக்கொள்ள, மற்றவர் கேட்க வேண்டும். முதல் வாரம் 'டாக்டரா? டிரைவரா? டீச்சரா?' என்று ஊகங்களே பறந்தன. 'இல்லை' என்ற விடை வந்ததும் கேட்ட பையன் தலை குனிந்து அமர்ந்தான். தவறு செய்துவிட்டதாகவே எண்ணினான். 'இல்லை' என்பதைத் திட்டு என்று கொள்ளும்படி அவனைப் பழக்கியவர் யார்? ஆசிரியராகிய நாம்தான்! நான்கு வாரம் கழித்து அதே பையன், 'இல்லை' என்று கேட்டதும், 'அப்படியானால் வெயிலில் நின்று செய்யும் வேலை இல்லை. கூரைக்குள் செய்யும் வேலை' என்று உரக்கச் சொல்லிக்கொண்டான். அன்று நமக்கு இந்நிகழ்ச்சியின் மீது மதிப்பு பெருகிற்று.

இன்னொரு சிறப்பு, பரிசு சிறியதாக இருந்தமை. அதே காலத்திலே வேறு வினா நிகழ்ச்சிகள் செல்வத்தைக் கொட்டின. 'தி 64,000 டாலர் கொஸ்டின்' என்று தொகையையே பெயராக்கிக்கொண்டு 1955-இல் ஒன்று எழுந்தது. 'ட்வென்டி ஒன்' எனும் மற்றொன்றில் சார்லஸ் வான் டோரன் எனும் கல்லூரி ஆசிரியர் 1,29,000 டாலர் வென்று நாடெங்கும் அறிவின் திருவுருவாகப் போற்றப்பட்டார். 1959 நவம்பர் 2-ஆம் நாள் அவரே நாடாளுமன்றக் குழுவின் முன்னர் நின்று, வினாக்களும் விடைகளும் தமக்கு முன்னரே தரப்பட்டன என்று ஒப்புக்கொண்டார். ஆசிரியரின் முகம் அறிவின் முகமன்று, ஒப்பனையின் முகம் என்று தெரிந்ததும் அந்நாடு எவ்வளவு நொந்திருக்கும்! அந்தப் புயலிலே பல நிகழ்ச்சிகள் சாய்ந்தன. ஐம்பது டாலர் ஆட்டமோ நிமிர்ந்து நின்றது. பேராசைக்கு இடமளிக்காத இடத்திலே பொய்க்கு வேலை குறைவு.

பொற்காலம் என்னும் புதிர்

ஆக, ரசிகரின் அன்புக்குக் காரணம் உண்டு. அறிவோடு பேசினர், ஒருவரை ஒருவர் மதித்தனர், உரக்கக் கத்தவில்லை. விடைபெறும் பெண் விருந்தினருக்கு ஆடவர் எழுந்து நின்று கை கொடுத்தனர். மெய்தான். ஆனால் அங்கிருந்து 'அக்காலமே பொற்காலம். இக்காலம் இழிகாலம்' என்று தாவுகின்றார்களே, அங்கேதான் நாம் நிற்கிறோம். அரைமணி நேர ஒளிவட்டத்தை ஒரு காலத்தின் முழு முகமாகக் கொள்ளலாமா? கேட்டுப் பார்ப்போம். அவர்கள் கற்றுத் தந்த முறையிலேயே, ஆம், இல்லை என்று விடை வரும்படியாகவே கேட்போம்.

அந்த மேசையிலே பெண்ணுக்குச் சமநிலை இருந்ததா?

பாதி விடை, ஆம். நிலையான நால்வரில் இருவர் பெண்கள் என்பதே அக்காலத்தில் பெரிது. அவர்களும் அலங்காரத்துக்கு அமர்த்தப்பட்ட பதுமைகள் அல்லர். டோரத்தி கில்காலன் 1935-இல் லிண்ட்பெர்க் குழந்தைக் கடத்தல் வழக்கைப் பற்றிச் செய்தி எழுதியவர். 1936-இல் விமானங்களில் உலகைச் சுற்றிவரும் போட்டியில் இரு ஆடவரோடு போட்டியிட்ட செய்தியாளர். ஆர்லீன் பிரான்சிஸ் மேடை நடிகை. 1954 முதல் 1957 வரை 'ஹோம்' எனும் தொலைக்காட்சி நிகழ்ச்சியைத் தாமே முன்னின்று நடத்தியவர். வினாத் தொடுப்பதிலே இவ்விருவரும் எவருக்கும் இளைத்தவர் அல்லர்.

மற்றப் பாதியைப் பாருங்கள். பெண் விருந்தினர் பெயரெழுதி முடித்ததும் டேலி முதலில் கேட்பது என்ன? 'மிஸ்ஸா, மிஸஸா?' மணமானவளா இல்லையா என்பது தொழிலை அறிவதற்கு முன்னே தெரிந்தாக வேண்டும்! ஆணிடம் இந்தக் கேள்வி எழுவதில்லை. அழகிய பெண் நுழைந்தால் அரங்கிலிருந்து சீழ்க்கை எழும். சான்றோர் மேசை புன்னகைக்கும். ஆடவர் செய்வதாக எண்ணப்பட்ட தொழிலைப் பெண்ணொருத்தி செய்கிறாள் என்று திரையிலே எழுத்துத் தோன்றினால், அரங்கு சிரிக்கும். அவள் கையுழைப்பிலே சிரிப்பதற்கு என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை. பார்ப்போர் தலைக்குள்ளே பெண்ணுக்கென்று வரையப்பட்ட கோடு இருந்தது, அதை அவள் மீறினாள், அதனால் சிரித்தனர். இன்று பார்க்கும் ரசிகர் அந்தச் சிரிப்பிலே கலந்துகொள்கிறாரா, அந்தச் சிரிப்பைக் கேட்டுத் திடுக்கிடுகிறாரா? மீண்டும் பார்ப்பதன் பயன் இதிலேதான் இருக்கிறது.

அந்த மேசையிலே கறுப்பருக்கு இடம் இருந்ததா?

விருந்தினர் நாற்காலியில் இருந்தது. ஒவ்வொரு வாரமும் புகழ்பெற்ற ஒருவர் 'மறை விருந்தினராக' வருவார். அப்போது நால்வரும் கண்களைக் கட்டிக்கொள்வர். வந்தவரும் குரலை மாற்றிப் பேசுவார். உலகம் போற்றிய இசைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங் அவ்வாறு வந்தார், கைதட்டல் பெற்றார், சென்றார். ஆனால் வாரந்தோறும் அமர்ந்து கேள்வி கேட்ட நிலையான உறுப்பினர் அனைவரும் வெள்ளையர். விடை சொல்லக் கறுப்பர் வரலாம். வினாத் தொடுக்கும் நிலையான நாற்காலி அவருக்கில்லை.

அந்த ஆண்டுகள் எத்தகையவை என்பதை எண்ணிப் பாருங்கள். 1954-இல் பள்ளிகளில் இனம் பிரித்து வைத்தல் சட்டத்துக்கு முரண் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1955 டிசம்பரில் மாண்ட்கோமரி நகரத்துக் கறுப்பின மக்கள் பேருந்துகளைப் புறக்கணிக்கத் தொடங்கினர். 1957-இல் லிட்டில் ராக் நகரத்துப் பள்ளியில் கறுப்புப் பிள்ளைகள் நுழைவதைத் தடுக்கப் படை நிறுத்தப்பட்டபோது, இதே ஆம்ஸ்ட்ராங், அரசின் சார்பிலே சோவியத் நாட்டுக்குச் செல்லவிருந்த இசைப் பயணத்தை மறுத்தார். ஞாயிறு இரவின் அரைமணி நேரத்திலே இந்த இரைச்சல் கேட்கவில்லை. கண்ணைக் கட்டிக்கொண்டிருந்த சில நிமிடங்களே அந்த மேசை நிறம் பாராத நிமிடங்கள்!

தெரியாத நாற்காலி

மூன்றாவது கேள்விக்கு வருகிறோம். நம்மை உறங்கவிடாத கேள்வி இது. கேள்விக்கென்றே எழுந்த அந்த மேசையிலே, கேள்வி கேட்கும் உரிமை எல்லாருக்கும் காக்கப்பட்டதா?

முதல் நாள் நிகழ்ச்சியிலே அமர்ந்த நால்வருள் ஒருவர் லூயி அண்டர்மேயர். கவிஞர், தொகுப்பாசிரியர். புதிய அமெரிக்கக் கவிதைகளை அவர் திரட்டி 1919-இல் வெளியிட்ட நூல் பல பதிப்புகள் கண்டது. கல்விக்கூடங்களிலே பாடநூலாக விளங்கியது. ஒரு தலைமுறைப் பிள்ளைகளுக்குக் கவிதையின் கதவைத் திறந்துவிட்ட கை அவருடையது. சொல்லோடு விளையாடத் தெரிந்த முதியவர். அந்த மேசைக்கு அவரினும் பொருத்தமானவர் யார்?

1950 ஜூன் திங்களில் 'ரெட் சேனல்ஸ்' என்றொரு சிறு நூல் வெளிவந்தது. வானொலியிலும் தொலைக்காட்சியிலும் பணியாற்றிய 151 பேரின் பெயர்கள், அகர வரிசையிலே. ஒவ்வொரு பெயரின் கீழும் அவர் எந்த மனுவில் கையெழுத்திட்டார், எந்தக் கூட்டத்துக்குப் பெயர் கொடுத்தார் என்ற பட்டியல். வழக்கில்லை; சாட்சியில்லை; மறுமொழி கூற வாய்ப்பில்லை. பெயர் இருக்கிறதா? இருந்தால் அவன் பொதுவுடைமைக்காரன், நாட்டின் பகைவன், திரைக்குத் தகாதவன்! அண்டர்மேயரின் பெயரும் அதிலே இருந்தது. எதிர்ப்புக் கடிதங்கள் வந்தன. விளம்பரம் கொடுத்து நிகழ்ச்சிக்குப் பணம் கட்டியவர்கள் அஞ்சினர். 1951-இல் அவர் அகற்றப்பட்டார். எந்த நீதிமன்றமும் அவரைக் குற்றவாளி என்று தீர்க்கவில்லை. அதற்கு முன்னரே நாற்காலி பறிபோயிற்று.

அவர் என்ன ஆனார்? ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு காலம் வீட்டை விட்டு வெளியே வராமல் முடங்கிக் கிடந்தார் என்று நாடக ஆசிரியர் ஆர்தர் மில்லர் 1987-இல் வெளியிட்ட தன்வரலாற்றிலே எழுதியிருக்கிறார். அறுபத்தைந்து வயதுக் கவிஞர், நாடெங்கும் சிரிக்கப் பேசியவர், வாயிற்படி தாண்ட அஞ்சினார்! பின்னர் 1961-இல் அந்நாட்டு நாடாளுமன்ற நூலகமே அவரைக் கவிதை ஆலோசகராக அமர்த்திச் சிறப்பித்தது. பழி பொய்யென்று காலம் காட்டிற்று. ஆனால் பறிபோன ஆண்டுகளைக் காலம் திருப்பித் தரவில்லை.

காலியான இடத்திலே வந்து அமர்ந்தவர் பென்னட் செர்ஃப். 'ரேண்டம் ஹவுஸ்' பதிப்பகத்தை நிறுவியவர்களுள் ஒருவர். ஜேம்ஸ் ஜாய்ஸின் 'யுலிசஸ்' நாவலுக்கு அமெரிக்காவில் இருந்த தடையை எதிர்த்து வழக்காடி, 1933 டிசம்பரில் வென்ற பதிப்பாளர் அவர். ஒரு நூலின் வாயைக் கட்டிய கயிற்றை அறுத்த மனிதர், ஒரு கவிஞரின் வாயைக் கட்டிய இடத்திலே அமர்ந்து பதினாறு ஆண்டு காலம் நகைச்சுவை பொழிந்தார். அவரைக் குற்றவாளிக் கூண்டிலே ஏற்றுவது நம் நோக்கமன்று. வரலாறு எத்தனை கொடிய நகைப்பை நகைக்கிறது என்பதைச் சுட்டவே கூறினோம். தயாரிப்பாளர் மார்க் குட்சன், நாற்பது ஆண்டு கழித்து, 1991-இல், அக்காலத்துக் கறுப்புப் பட்டியல்களைப் பற்றியும் தாம் முன்னமே எதிர்த்து நின்றிருக்க வேண்டும் என்பதைப் பற்றியும் நாளேடொன்றிலே எழுதினார். காலம் கடந்த நேர்மை, எனினும் நேர்மை.

இனி ரசிகரிடம் வருவோம். அவர் இந்த நாற்காலியை ஏன் காண்பதில்லை? காண வழியில்லாமல் போயிற்று! அக்காலத்திலே நிகழ்ச்சிகள் நேரடியாக ஒளிபரப்பாயின. தொலைக்காட்சித் திரையையே பிலிமிலே படமெடுத்துத்தான் காப்பாற்ற இயலும். தொடக்க ஆண்டுகளின் பிலிம்களைப் பெரும்பாலும் நிறுவனம் அழித்துவிட்டது. 1952-இல் குட்சனும் டாட்மனும் அதை அறிந்து, தம் செலவிலே பிலிம்களைக் காக்க ஏற்பாடு செய்தனர். அதனால்தான் பின்னைய ஆண்டுகள் இன்று நமக்குக் கிடைக்கின்றன. அண்டர்மேயர் இருந்த நாட்களிலோ சிலவே எஞ்சின. வரிசையாகப் பார்க்க அமர்பவருக்கு அவர் வந்ததும் போனதும் ஒரு கண் சிமிட்டலில் முடிந்துவிடுகிறது. அடுத்துச் செர்ஃப் சிரிக்கிறார். எப்போதும் அவரே இருந்தது போலத் தோன்றுகிறது. மனிதனை மேசையிலிருந்து நீக்கினார்கள். பிலிமும் அழிந்து நினைவிலிருந்தும் நீங்கினார். பொற்காலங்கள் இவ்வாறே பிறக்கின்றன, தோழர்களே! எஞ்சியதை முழுமை என்று எண்ணுகிறோம்; ஒளி விழுந்த இடத்தையே உலகம் என்று கொள்கிறோம்.

ஐயமும் வதந்தியும்

கேள்வி கேளாமை ஒரு பிழை. கேள்வியென்ற பெயரிலே வதந்தி பரப்புதல் மற்றொரு பிழை. ரசிகரிடையே இதுவும் காண்கிறோம்.

1965 நவம்பர் 7-ஆம் நாள் இரவு டோரத்தி கில்காலன் வழக்கம்போல் மேசையில் அமர்ந்தார். மறுநாள் தம் வீட்டிலே இறந்து கிடந்தார். வயது 52. மதுவும் உறக்க மருந்தும் உடலிலே சேர்ந்ததே காரணம் என்றும், அது நேர்ந்த சூழ்நிலை தீர்மானிக்கப்படவில்லை என்றும் மருத்துவ ஆய்வில் எழுதினர். கென்னடி கொலையைப் பற்றியும் ஜாக் ரூபி வழக்கைப் பற்றியும் அவர் துணிந்து எழுதிவந்தவர். ஆகவே, 'கொன்றுவிட்டனர்' என்ற பேச்சு எழுந்தது, இன்றும் ஓயவில்லை. அந்தக் கடைசி நிகழ்ச்சியைத் திரும்பத் திரும்ப ஓட்டி, அவர் கண்ணிலே அறிகுறி, குரலிலே தடுமாற்றம், கையிலே நடுக்கம் என்று தேடுவோர் உளர். சாவு நேர்ந்ததை அறிந்தவன், முந்திய நாளின் முகத்திலே சாவின் நிழலைக் காணாமல் இருப்பானா? பல்லி சொன்னதைப் பயணம் கெட்ட பின்னர் நினைவுகூர்கின்றவனின் அறிவு இது.

ஐயுறுதல் தவறன்று. 'தீர்மானிக்கப்படவில்லை' என்று ஏடே சொல்லும்போது ஐயம் இயல்பு. ஆனால் 'தெரியவில்லை' என்ற விடையோடு வாழத் தெரிய வேண்டும். அந்த ஆட்டத்தின் நல்ல வினாவாளர், பத்தாவது 'இல்லை' விழுந்ததும் தோல்வியை ஒப்பி, கைகட்டி அமர்ந்தார், விடையை இட்டுக்கட்டவில்லை. அடுத்த ஞாயிறு அவர் நாற்காலியில் கிட்டி கார்லைல் அமர, தோழர்கள் சில சொற்களால் அஞ்சலி செலுத்தி, ஆட்டத்தைத் தொடர்ந்தனர். துயரையும் அளவோடு தாங்கிய அந்த மேசையினின்றும் ரசிகர் கற்க வேண்டியது அதுதான். துணிந்து எழுதிய ஒரு பெண்ணை அவர் எழுத்தால் நினைவு கூர்தல் சிறப்பா, அவர் சாவின் புதிரால் நினைவு கூர்தல் சிறப்பா?

தலைவரும் கூண்டேறினார்

அப்படியானால் பார்க்கவே வேண்டாம் என்கிறோமா? இல்லை! நூறு முறை இல்லை! குறையுடையது என்பதற்காகப் பழையதைக் கொளுத்தச் சொல்வோர் அல்லோம் நாம். பிலிமை அழித்தவர்கள் செய்த பிழையை நாமும் செய்வதாகும் அது. பாருங்கள்; இரண்டாம் முறையும் பாருங்கள். முதல் முறை நால்வரோடு அமர்ந்து சிரியுங்கள். இரண்டாம் முறை அவர்களுக்கு எதிரே அமருங்கள். யார் இந்த மேசையில் இல்லை? யார் சிரிக்கிறார், யாரைப் பார்த்து? இந்த அரைமணிக்குப் பணம் கட்டியவர் யார். அவர் அஞ்சினால் அடுத்து எந்த நாற்காலி காலியாகும்? இவற்றைக் கேளுங்கள். இன்றைய திரைகளிலே, இன்றைய விவாத மேசைகளிலே நாள்தோறும் எழ வேண்டிய கேள்விகளும் இவையே. பழைய நிகழ்ச்சியிலே பழகிக்கொண்டவன் புதிய நிகழ்ச்சியிலே ஏமாறமாட்டான்.

இதை அந்நிகழ்ச்சியே ஒருநாள் கற்பித்தது. 1967 செப்டம்பர் 3, இறுதி இரவு. நால்வரும் கண்களைக் கட்டிக்கொண்டனர். கடைசி மறை விருந்தினர் யார்? பதினேழு ஆண்டாக அடுத்தவரைக் கேள்விக்கு உட்படுத்திய தலைவர் ஜான் டேலியே! 1941 டிசம்பர் 7-இல் பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்ட செய்தியை வானொலியில் நாட்டுக்கு அறிவித்த அந்தப் புகழ்பெற்ற குரல், தன்னை மறைத்துக்கொண்டு, 'ஆம்' என்றும் 'இல்லை' என்றும் விடையிறுத்தது. அரங்கு மகிழ்ந்தது, நாமும் மகிழ்ந்தோம்.

கேட்டவரும் கேட்கப்பட வேண்டும். தலைவரும் விடை சொல்ல வேண்டும். வேடிக்கைக்காக அன்று செய்ததை நாம் மெய்யாகவே செய்வோம். நாம் விரும்பும் நிகழ்ச்சியை, நாம் போற்றும் பெரியவரை, நாம் ஏங்கும் காலத்தை அந்த நாற்காலியிலே அமர்த்துவோம். கரும்பலகையிலே அது பெயரெழுதட்டும். பின்னர் அன்போடு, பண்போடு, அச்சமின்றிக் கேட்போம்: 'உன் தொழில் யாது? நீ யாருக்காகப் பேசினாய்? யாரை வெளியே நிறுத்தினாய்?'

விடை 'ஆம்' ஆயினும் 'இல்லை' ஆயினும், கேட்டவன் ஒரு படி ஏறுகிறான்.